நாங்கள் எழுதிய பரீட்சை

என் மகள் படிக்க உட்கார்ந்தால் அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறாள். நியூசிலாந்துக்கு வந்து இத்தனை வருடமாகியும் எனக்குப் பழகாத சங்கதி இது. இங்குள்ள குளிருக்குப் பழகிவிட்டேன். சாயங்காலமே கடையைச் சாத்திவிட்டுப் போகிற வியாபாரிகளுக்கும், டிசம்பரில் அடிக்கும் வெயிலுக்கும்கூடப் பழகிவிட்டேன். சாத்திய கதவுக்கு வெளியே ஆப்பிள் தட்டோடு நின்று, தட்டலாமா வேண்டாமா என்று யோசிப்பது மட்டும் இன்னும் கைவரவில்லை. தட்டினால் உள்ளிருந்து ‘யெஸ்?’ என்று கேட்கும். ஏதோ பேங்க் மேனேஜரைப் பார்க்க வந்தவள் போலத் தட்டை நீட்டிவிட்டுத் திரும்புவேன். மிருதுளாவுக்குப் பதினாறு வயது. ஹாமில்டனில் ஓர் அரசுப் பள்ளியில் படிக்கிறாள். நான் இதே ஊரில் ஒரு பால் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன்.

பெரிய வகுப்புக்குப் போகும் பிள்ளைகளின் பெற்றோரைப் பள்ளியில் வருடத் தொடக்கத்தில் கூப்பிட்டு, பிள்ளையின் படிப்புக்கு எப்படித் துணையாக இருப்பது என்று சொல்லித் தருகிறார்கள். நான் முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன். நன்றாகத் தூங்க விடுங்கள் என்றார்கள். தின்பதற்கு நல்லதாக ஏதாவது வையுங்கள், எப்படிப் போகிறது என்று கேளுங்கள், ஆனால் துருவாதீர்கள், அவரவர் வேலையை அவரவரே செய்யட்டும் என்றார்கள். மிச்சத்துக்காகக் காத்திருந்தேன். தேநீரும் பிஸ்கெட்டும் வந்தன. காரில் திரும்பும்போது, ‘அவ்வளவுதானா?’ என்று கணவரிடம் கேட்டேன். ‘ஆப்பிள் தீர்ந்துபோச்சு, வாங்கணும்’ என்றார் அவர்.

நான் படித்தது திருச்செங்கோட்டில். எங்கள் வீட்டில் கதவு வைத்த அறை ஒன்றே ஒன்றுதான். அதிலும் நெல் மூட்டையும் ரிக் வண்டியின் பழைய சாமான்களும் குடியிருந்தன. அப்பா போர்வெல் போடும் ரிக் வண்டியில் டிரில்லர். மழைக்கு வண்டி நிற்கும் மாதங்கள் போக, மற்ற நாளெல்லாம் சத்தீஸ்கரிலோ மத்தியப் பிரதேசத்திலோ யாருடைய நிலத்திலாவது துளை போட்டுக்கொண்டிருப்பார். நான் நடுவீட்டில் உட்கார்ந்து சத்தம் போட்டுத்தான் படிப்பேன். சத்தம் நின்றால் அடுப்படியிலிருந்து, “ஏஞ்சாமி, தூங்கீட்டயா?” என்று அம்மா கேட்பாள். பன்னிரண்டாவது வந்ததும் டிவியின் கேபிளைப் பிடுங்கினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் யாரும் சொல்லாமலே தன் வீட்டு டிவியின் சத்தத்தைக் குறைத்துக்கொண்டார். அத்தை மகன் கல்யாணத்துக்குக்கூட அம்மா போகவில்லை. அழைக்க வந்தவர்களிடம், “இந்த வருசம் எங்களுக்குப் பன்னெண்டாவதுங்க” என்றாள். வந்தவர்களும், அது சரிதானே என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள். அம்மா ஐந்தாவதோடு நின்றவள்.

ராசிபுரத்தில் இருக்கும் என் அக்கா இப்போது அதே வசனத்தைச் சொல்கிறாள். அவள் மகன் நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் பன்னிரண்டாவது படிக்கிறான். பார்க்க விடுகிற ஞாயிற்றுக்கிழமைகளில் அவளும் மாமாவும் தூக்குப்போசியில் குழம்போடு பஸ் ஏறிப்போய், பள்ளி மைதானத்தில் ஜமக்காளம் விரித்து அவனுக்குச் சோறு போட்டுவிட்டு வருகிறார்கள். வந்ததும் எனக்கு வாட்ஸ்அப்பில் கூப்பிடுவாள். “கெமிஸ்ட்ரில கொஞ்சம் கொறஞ்சுட்டோம் புள்ள. பிசிக்ஸ்ல எட்டிப் புடிச்சுட்டோம்” என்பாள். “நீ எப்பக்கா பிசிக்ஸ் படிச்ச?” என்று கேட்டால், “அட, சும்மா இரு நீயி. எனக்கே வெசனமா இருக்குது” என்று கோபித்துக்கொள்வாள். பிசிக்ஸ் புத்தகத்தை அவள் திறந்துகூடப் பார்த்ததில்லை. ஆனாலும் கெமிஸ்ட்ரி மதிப்பெண் குறைந்ததிலிருந்து அவளுக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை என்பது உண்மை.

இங்கே மதிப்பெண்ணின் பெரும்பங்கு ஆண்டிறுதிப் பரீட்சையில் இல்லை. வருடம் முழுக்க ஒவ்வொரு பாடத்துக்கும் பிள்ளைகள் சிறு சிறு ஆய்வுகள் செய்து எழுதித் தருகிறார்கள். ‘அசெஸ்மெண்ட்’ என்று பெயர். அதைத் தன் கையால், தன் மூளையால் செய்ததாகப் பிள்ளை உறுதி சொல்ல வேண்டும். ‘மை ஓன் வொர்க்’ என்பது இங்கே கிட்டத்தட்டச் சத்தியப் பிரமாணம். நான் படித்த காலத்தில் என் உயிரியல் ரெக்கார்டு நோட்டில் தவளையின் குடலை வரைந்தது என் சித்தப்பா. அவருக்குக் கை நன்றாக ஓடும். ஆசிரியருக்கும் அது தெரியும். ‘உங்க சித்தப்பா இந்தத் தடவ கல்லீரலக் கொஞ்சம் பெருசாப் போட்டுட்டாரு’ என்று சிவப்பு மையால் திருத்திக் கொடுத்தார்.

மிருதுளா தன் புவியியல் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட தலைப்பு திருச்செங்கோட்டு நிலத்தடி நீர். நான் சொல்லவில்லை, அவளே எடுத்தாள். ஊருக்குப் போனபோது, குழாயில் தண்ணீர் வராத ஊரில் வரிசையாக நின்ற ரிக் லாரிகளைப் பார்த்தது அவள் மனதில் நின்றிருக்கிறது. தண்ணீர் இல்லாத ஊர்க்காரர்கள் ஏன் தேசம் முழுக்கப் போய்த் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிறார்கள் என்பது அவள் கேள்வி. இதில் தேறினால்தான் அடுத்த வருடப் புவியியல் வகுப்பில் இடம். அந்த வகுப்பைப் பற்றித்தான் அவள் ஒரு வருடமாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

ஆய்வுக்காக என் அப்பாவிடம் போனில் பேட்டி எடுத்தாள். என் அம்மா இறந்த பிறகு அவர் திருச்செங்கோட்டு வீட்டில் தனியாக இருக்கிறார். தாயின் தகப்பனை எங்கள் பக்கம் அப்புச்சி என்போம். இவள் கேள்விகளைத் தயாரித்து வைத்துக்கொண்டு, ‘அப்புச்சி, முதல்ல நீங்க போர் போட்டப்ப எவ்வளவு ஆழத்துல தண்ணி வந்துச்சு?’ என்று கேட்டாள். “அது கெடக்கட்டும் சாமி, சாப்டீங்களா? அங்க குளுரு எப்புடி?” என்றார் அவர். மறுபடி கேட்டதற்கு, “எந்த ஊர்ல கேக்கறீங்க? ஊருக்கு ஊரு மாறுமுங்களே” என்றார். மிருதுளாவுக்கு வீட்டுத் தமிழ் தெரியும். அப்புச்சி ‘ஊத்து’ என்றால் நீரூற்று, ‘பொகை மட்டுந்தான் வந்துச்சு’ என்றால் துளையில் தண்ணீர் கிடைக்காமல் பாறைத்தூள் பறந்தது என்று பொருள், இதையெல்லாம் நான்தான் பக்கத்திலிருந்து சொன்னேன். அன்றைக்கு நான் செய்தது அவ்வளவே. அதன்பிறகு அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். வரைபடம் தேடியதும், அப்புச்சி சொன்னதில் பாதியைத் தரவுகளோடு ஒப்பிட்டு ஒதுக்கியதும், எழுதியதும் அடித்ததும் திரும்ப எழுதியதும் அவள்தான். நான் ஆப்பிள் வெட்டினேன். எழுதியதைக் காட்டு என்றதற்கு, ‘கொடுத்த பிறகு காட்டறேன்’ என்றுவிட்டாள்.

அதைக் கொடுத்த சில நாளில் பெற்றோர் ஆசிரியர் சந்திப்பு வந்தது. மிருதுளா வாசலில் தோழியோடு பேச நின்றுவிட்டதால் நான் மட்டும் முதலில் போய் உட்கார்ந்தேன். புவியியல் ஆசிரியை ஹெலன் நல்ல மனுஷி. என் மகளின் பெயரில் ‘ல’வா ‘ள’வா வருகிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டவர். போர்வெல் ஆய்வை இப்போதுதான் படிக்கத் தொடங்கியிருப்பதாகவும், பிரமாதமாக இருப்பதாகவும், வீட்டில் நிறைய உழைப்பு நடந்திருக்க வேண்டும் என்றும் ஆங்கிலத்தில் சொன்னார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ‘ஆமாம், நாங்கள் மிகவும் கஷ்டப்பட்டோம்’ என்றேன். ‘வாரக்கணக்காக இதே வேலை. இதை எழுதி முடித்த பிறகுதான் நாங்கள் மூச்சு விட்டோம்.’

‘நாங்களா?’ என்றார் ஹெலன். அவர் கேட்டது ‘வீ?’ என்ற ஓரெழுத்தைத்தான்.

யார் யார் என்று விவரம் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். ‘ஆமாம், நாங்கள்தான். என் கணவருக்கு நேரமில்லை. பெரும்பாலும் நானும் மிருதுளாவும். என் அப்பாவும்தான், அவர் இந்தியாவில் இருக்கிறார்’ என்றேன். வீட்டில் ஒருவரையும் விட்டுவிடக் கூடாதே என்ற அக்கறை எனக்கு. ஹெலன் மெல்லத் தலையாட்டினார். சிரிப்பு முகத்திலேயே இருந்தது, ஆனால் கண்ணிலிருந்து போய்விட்டிருந்தது. மிருதுளா வந்து உட்கார்ந்ததும் வேறு ஏதேதோ பேசினார். இவ்வளவு மரியாதையாகப் பேசும் ஆசிரியர் கிடைத்தாரே என்று நான் மகிழ்ச்சியோடு வீட்டுக்கு வந்தேன்.

அந்த வாரமே மின்னஞ்சல் வந்துவிட்டது. ஆய்வு மாணவியின் சொந்த முயற்சிதான் என்பதை உறுதி செய்துகொள்ள ஓர் உரையாடல் தேவைப்படுகிறதாம். ஹெலனும் துறைத் தலைவரும் இருப்பார்களாம். இது குற்றச்சாட்டு அல்லவாம், நடைமுறைதானாம். உறுதியாகாவிட்டால் ஆய்வைக் கணக்கில் சேர்க்க இயலாது என்பது கடைசி வரியில் இருந்தது. இதைப் படித்துவிட்டு மிருதுளா அறைக்கதவைச் சாத்தவில்லை, திறந்துபோட்டுவிட்டு என்னிடம் வந்தாள்.

“நீ என்ன சொன்னே அவங்ககிட்ட?”

சொன்னதை அப்படியே சொன்னேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். “ஏம்மா வீன்னு சொன்னே? நீ ஒரு வரி எழுதினியா? ஒரு வரி?”

“எழுதலைதான். நம்ம பேச்சுல அப்படித்தானே கண்ணு வரும்.”

“நம்ம பேச்சு இல்ல, உன் பேச்சு. நான் செஞ்சதெல்லாம் போச்சு.” அவள் அழுதாள். அவள் பரீட்சைக்காக அழுது நான் பார்த்ததில்லை.

அந்த ஒரு சொல்லைப் பற்றியே சில நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். உடன்பிறந்தவர் ஒருவரும் இல்லாத பிள்ளைகூடத் தமிழில் ‘எங்க அம்மா’ என்றுதான் சொல்கிறது. ‘என் அம்மா’ என்று சொன்னால் ஏதோ சண்டைக்கு வருகிற மாதிரி இருக்கும். எங்க ஊடு, எங்க காடு, எங்களுக்குப் பரீட்சை. கேட்பவரைச் சேர்த்துக்கொள்ள ‘நாம்’ என்றும், சேர்க்காமல் விட ‘நாங்கள்’ என்றும் இரண்டு சொல் வைத்திருக்கிற பாஷையிலிருந்து வந்து, இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு ‘வீ’ வைத்திருக்கிறவர்களிடம் மாட்டிக்கொண்டேன். அவர்களுக்கு அந்த ‘வீ’ ஒரு கணக்கு. யார் யார், எவ்வளவு என்று பிரித்துச் சொல்லியாக வேண்டும். எங்கள் ‘நாங்க’வைப் பிரித்தால் உள்ளே ஒன்றும் இருக்காது.

அதற்காக எங்கள் ‘நாங்க’ ஒன்றும் தங்கம் இல்லை. என் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் எதிர்பார்த்ததைவிடக் குறைந்தபோது, குறைந்தது எனக்கு மட்டுமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அம்மா கோயிலுக்குப் போவதை நிறுத்தினாள். கல்யாணத்துக்குப் போகாமல் இருந்ததற்குக்கூட அர்த்தம் இல்லாமல் போயிற்று என்று அத்தை பேசினாள். ஒரு பிள்ளையின் முதுகில் அத்தனை பேரும் ஏறிக்கொண்டு பரீட்சை எழுதப் போகிற ஊர் அது. மிருதுளா தோற்றால் அவள் மட்டும் தோற்பாள். அது அவளுக்குச் சுதந்திரமா தனிமையா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

பள்ளிக்கு நானும் வந்து ஹெலனிடம் இலக்கணத்தை விளக்குகிறேன் என்றேன். ஆங்கிலத்தில் ஒத்திகைகூடப் பார்த்து வைத்திருந்தேன். மிருதுளா வேண்டாம் என்றாள். அதற்குள் அவள் அழுகை முடிந்து கோபமும் முடிந்திருந்தது. “நீ உள்ள வந்தேன்னா அது மறுபடியும் வீ ஆயிடும்மா” என்றாள். பள்ளி முடிகிற நேரத்தில்தான் உரையாடல். நான் அரைநாள் விடுப்பு எடுத்து, கேட்டுக்கு வெளியே காரை நிறுத்திவிட்டு இறங்கி நின்றேன். உள்ளே பெஞ்சு இருந்தது, யாரும் தடுக்கவும் மாட்டார்கள். போக மனம் வரவில்லை.

திருச்செங்கோட்டில் என் பொதுத்தேர்வு நடந்த பள்ளியின் கேட்டுக்கு வெளியே இப்படித்தான் ஒரு கூட்டம் நிற்கும். தண்ணீர் பாட்டிலும் கூடையுமாக அம்மாக்கள், பெல் அடிக்கிற வரை அசைய மாட்டார்கள். பங்குனி வெயில் மண்டையைப் பிளக்கும். அந்த மாதங்கள்தான் ரிக் வண்டிக்கு ஓயாத வேலை, அந்த நேரத்தில் டிரில்லர் ஊருக்கு வருவதென்பது நடக்காத காரியம். முதல் பரீட்சை முடித்து வெளியே வந்தபோது, சுற்றுச்சுவர் ஓரத்தில் ஒரு வேப்பமரத்தடியில் அப்பா நின்றுகொண்டிருந்தார். சத்தீஸ்கரிலிருந்து ரயில் மாறி, பஸ் மாறி, வீட்டுக்குக்கூடப் போகாமல் வந்திருந்தார். காதோரத்தில் பாறைத்தூள் வெள்ளையாக ஒட்டியிருந்தது. நான் எந்த அறையில் உட்கார்ந்திருப்பேன் என்று யாரையோ விசாரித்து, அந்த அறைக்கு நேராகத் தேடிப்பிடித்து நின்றிருக்கிறார். இடையில் சுவர் இருந்தது, ஒன்றும் தெரிந்திருக்காது. என்னைப் பார்த்ததும், “எழுதீட்டமா சாமி?” என்றார். ‘எழுதீட்டோம்ப்பா’ என்றேன். எல்லாப் பரீட்சைக்கும் அங்கேயே நின்றார். கெமிஸ்ட்ரி அன்றைக்கு அழுதுகொண்டே வெளியே வந்தேன். “போனாப் போவுது. அடுத்ததுல பாத்துக்கலாம் நாம” என்று சொல்லிக் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தார். பிறகு மதிப்பெண் வந்து வீடே இடிந்து உட்கார்ந்தபோது, ‘குறைஞ்சுட்டோம்’ என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தவர் அவர் ஒருவர்தான்.

மிருதுளா வெளியே வந்தாள். முகத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது, இருந்தாலும் கேட்டேன்.

“ஒத்துக்கிட்டாங்க” என்றாள். ஆய்வைக் கையில் கொடுக்காமலே நிறையக் கேட்டிருக்கிறார்கள். ஏன் இந்தக் கிணறுகளைத் தேர்ந்தெடுத்தாய், அப்புச்சி சொன்ன எதை நீ நம்பவில்லை, ஏன் என்றெல்லாம். இவள் பேசப் பேச, போதும் என்றாராம் துறைத் தலைவர்.

“நான் சொன்னதப் பத்திக் கேட்டாங்களா?”

“கேட்டாங்க. தமிழ்ல வீன்னா அம்மா ஆப்பிள் வெட்டினாங்கன்னு அர்த்தம்னு சொன்னேன். ஹெலன் சிரிச்சுட்டாங்க.”

நானும் சிரித்தேன். கொஞ்சம் வலிக்கவும் செய்தது. பார்க்கப்போனால் அதைவிடச் சரியாக யாரும் மொழிபெயர்த்திருக்க முடியாது.

அப்போது போன் அடித்தது. ஊரில் காலை நேரம். விஷயத்தை அப்பாவிடம் சொல்லி வைத்திருந்ததால் அவர் எழுந்ததிலிருந்து இதே நினைப்பாக இருந்திருப்பார். எடுத்ததுமே, “பாஸ் பண்ணீட்டமா?” என்றார். நான் வாயைத் திறந்தேன். மிருதுளா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் என்ன சொல்லப்போகிறேன் என்று. “பண்ணீட்டோமுங்கப்பா” என்றுதான் வந்தது. வேறு எப்படியும் வரவில்லை. அவள் கையை நீட்டிப் போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டாள்.

“அப்புச்சி, நாம இல்ல. நான். நான் மட்டுந்தான் எழுதினேன்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. தெளிவாக இருக்கட்டும் என்று சொன்னாள்.

ஸ்பீக்கரில் அப்பாவின் குரல் வந்தது. “செரீங்க சாமி. நீங்கதா எழுதுனீங்க. நாங்க வெளியில நின்னுட்டு இருந்தமுங்க.”

“வெளியிலயா? எங்க?” என்றாள் அவள். அவர் அதற்குச் சிரித்துவிட்டு, சாப்டீங்களா என்று கேட்கத் தொடங்கிவிட்டார். பதில் சொல்லிவிட்டு, ஹாக்கிப் பயிற்சிக்கு நேரமாகிவிட்டதென்று போனை என்னிடம் கொடுத்து, மிருதுளா மறுபடி கேட்டுக்குள் ஓடினாள். மைதானத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ‘ள’வை விழுங்கித்தான் கூப்பிட்டார்கள், அவளும் அதற்குத்தான் திரும்பினாள்.

“புள்ள போயிட்டாளா?” என்றார் அப்பா.

“போயிட்டாளுங்கப்பா.”

“நீயி எங்க நிக்கற?”

“கேட்டுக்கு வெளியிலதானுங்க.”

“வெயில்ல நிக்காத சாமி. மரம் இருந்தா ஓரமாப் போயி நில்லு” என்றார்.

ஹாமில்டனில் காலையிலிருந்தே தூறிக்கொண்டிருந்தது. ‘செரீங்கப்பா’ என்று சொல்லிவிட்டு, சுற்றுச்சுவர் ஓரத்தில் இருந்த மரத்தடியில் போய் நின்றுகொண்டேன்.